கேளாச் செவியும் கேட்கும் உள்ளமும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழகத்தின் தேனி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் மலைமுகட்டில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் அடர்ந்த காட்டினுள், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், சிதைந்த கற்கோயில் ஒன்று நிற்கிறது. மங்கலதேவி கோட்டம் என்றும் கண்ணகி கோயில் என்றும் அதனை அழைக்கின்றனர். ஆண்டு முழுவதும் அங்கே காற்றும் வனவிலங்குகளும் மட்டுமே காவல். சித்திரை மாத முழுநிலவு நாள் ஒன்றில்தான் மக்கள் அங்கே செல்ல அனுமதி உண்டு. அன்று குமுளியிலிருந்து ஜீப்புகளில் ஏறிச் செல்வோர் ஒருபுறம். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறுவோர் மறுபுறம். கேரள முறைப்படியும் தமிழக முறைப்படியும் வழிபாடு நடைபெறுகிறது. இரு மாநிலங்களும் உரிமை கோரும் கோயில் அது. ஆயினும் அந்த ஒரு நாளில் இரு மாவட்ட நிர்வாகங்களும் அமர்ந்து பேசி, இணைந்தே ஏற்பாடுகளைச் செய்கின்றன.

யாருக்காக இந்தக் கோயில்? அரசன் ஒருவனின் அவசரத் தீர்ப்பால் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்காக. மதுரையை விட்டு நீங்கி மேற்கு நோக்கி நடந்த கண்ணகி, பதினான்காம் நாள் வேங்கை மரத்து நிழலில் நின்று விண்ணுலகு எய்திய மலை இதுவே என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. நாம் தெய்வமாக வணங்கும் அந்த அன்னையின் வரலாறு முழுவதையும் ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: “சற்றே பொறுத்துக் கேட்டிருக்கக் கூடாதா?”

இந்தக் கேள்வியையே இன்று நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

கேளாமையால் விளைந்த காவியம்

சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களை உடையது. புகார், மதுரை, வஞ்சி என்னும் அம்மூன்றையும் “கேட்டல்” என்னும் நோக்கில் படித்துப் பாருங்கள். இளங்கோவடிகள் நமக்கு வைத்திருக்கும் பாடம் தெளிவாகப் புலப்படும்.

புகார்க் காண்டத்தில் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கின்றனர். அவன் யாழிசைத்துப் பாடுகிறான், அவளும் பாடுகிறாள். அவள் பாட்டின் பொருளைக் கேட்டு, “இவள் உள்ளத்தில் வேறொருவன் இருக்கிறான்” என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். ஒரு சொல் கேட்கவில்லை; எழுந்து போய்விடுகிறான். அவள் எழுதி அனுப்பிய மடலையும் வாங்க மறுக்கிறான். பின்னர் மதுரைக்குச் செல்லும் வழியில், கோசிகன் என்னும் அந்தணன் வாயிலாக அவளுடைய இரண்டாவது மடல் வருகிறது. அதைப் படித்தபோதுதான் அவள் மீது குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று உணர்கிறான். புகாரில் அவள் சொல்லைக் கேட்டிருந்தால் காட்டு வழியில் வருந்த வேண்டியிருந்திராது. கேட்க வேண்டிய சொல்லைக் காலம் கடந்து கேட்பது எத்தனை பெரிய துன்பம்!

மதுரைக் காண்டத்தில் பாண்டிய மன்னன். அவன் கொடியவன் அல்லன். செங்கோல் வழுவாத குலத்தில் வந்தவன். ஆனால் அந்த நேரத்தில் அவன் மனம் வேறிடத்தில் இருந்தது. ஊடல் கொண்டு சென்ற அரசியைத் தணிவிப்பதற்காக விரைந்து கொண்டிருந்தான். அப்போது பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். மன்னன் நின்றான், ஆனால் விசாரிக்கவில்லை. அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று அதனைக் கொண்டு வருக என்று காவலரிடம் ஆணையிட்டு நடந்துவிட்டான். ஒரு வாக்கியம், ஓர் உயிர்.

அடுத்து நிகழ்வதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கோவலனை நேரில் கண்ட காவலரில் ஒருவன், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறான். அந்த ஒரு கணத்தில் தர்மம் கதவைத் தட்டுகிறது. பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணைகள் உண்டு என்று விரிவுரை ஆற்றுகிறான். எதிரே நிற்கும் மனிதனைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை. கள்வர்கள் என்னும் கூட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறான். இளைஞனான இன்னொரு காவலன், மழைக்கால இருட்டில் தான் முன்பு எதிர்கொண்ட ஒரு திருடன் தன் வாளையே பறித்துச் சென்ற அனுபவத்தை எடுத்துரைக்கிறான். அந்தத் திருடனுக்கும் கோவலனுக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. ஆனால் பழைய அச்சம் புதிய மனிதன் மேல் வந்து அமர்ந்துவிட்டது. அதற்குள் அறிவற்ற ஒருவன் வாளை வீசிவிட்டான்.

கோவலனை யாரேனும், “ஐயா, இச்சிலம்பு உமக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டார்களா? அக்கேள்வி பிறகு அரசவையில் கேட்கப்பட்டது. கண்ணகி தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் மன்னன். உடைத்துப் பார்க்கச் சில நொடிகளே ஆயின. உண்மையை அறிய அவ்வளவு நேரமே போதுமானதாக இருந்தது. அந்தச் சில நொடிகளைத்தான் மன்னன் முன்பு கொடுக்க மறுத்திருந்தான். உண்மை வெளிப்பட்டதும் கள்வன் தானே என்று உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான்.

மூன்றாவதான வஞ்சிக் காண்டம் எங்கே தொடங்குகிறது? கண்ணகி விண்ணேறியதைக் கண்டவர்கள் புலவர்களோ அமைச்சர்களோ அல்லர். மலையில் வாழும் குறவர்கள். பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்கள் மலைபடு பொருள்களோடு வந்து, தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். ஒருமுலை இழந்த பெண் ஒருத்தி தம் வேங்கை மர நிழலில் நின்றாள், வானவரோடு சென்றாள் என்கிறார்கள். நம்புதற்கு எளிய செய்தியா அது? “காட்டு மக்களின் கற்பனை” என்று அரசன் புறந்தள்ளியிருக்கலாம். அவன் கேட்டான். அருகிருந்த சாத்தனார் நடந்ததை விளக்க, அதையும் கேட்டான். தன் தேவியின் கருத்தையும் கேட்டான். அதன் பின்னரே பத்தினிக்குக் கோட்டம் எழுப்பத் துணிந்தான். இமயத்திலிருந்து கல் கொணரச் செய்தான்.

கோவலன் கேளாததால் ஒரு காதல் அழிந்தது. பாண்டியன் கேளாததால் ஒரு நகரம் எரிந்தது. சேரன் கேட்டதால் ஒரு தெய்வம் நமக்குக் கிடைத்தது.

அட்டப்பாடியில் ஒரு நாள்

இது பழங்கதை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியுமா? அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே செல்வோம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையில், கோயம்புத்தூரை ஒட்டி அட்டப்பாடி இருக்கிறது. பவானியும் சிறுவாணியும் ஓடும் மண். இருளர், முடுகர், குறும்பர் என்னும் மூன்று பழங்குடி மக்களின் தாயகம். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோரில் பத்தில் ஒன்பது பேர் அவர்களே. 2001-இல் பாதிக்கும் குறைவாகிவிட்டனர். நிலம் கைமாறியது; ராகியும் சாமையும் தினையும் விளைந்த பழைய வேளாண்மை சுருங்கியது. ஆயினும் அவர்களின் வறுமைக்கு அவர்களின் பழக்கவழக்கமே காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் இன்றும் உளர்.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள். மது என்னும் குறும்ப இன இளைஞர், மனநலம் குன்றியவர். ஊரை விட்டு விலகிக் காட்டுக் குகையில் தனித்து வாழ்ந்து வந்தவர். முக்காலிப் பகுதிக் கடைகளில் அரிசியும் மளிகைப் பொருள்களும் களவு போயின என்று சொல்லப்பட்டது. ஒரு கூட்டம் காட்டுக்குள் சென்று அவரைப் பிடித்தது. அவர் கைகளைக் கட்டி, அடித்து, முக்காலிக்கு நடத்தி வந்தது. கட்டுண்டு நின்ற அவரோடு செல்போனில் படமும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் உயிர் பிரிந்தது.

பசித்தவன் ஒருவன் எடுத்ததாகச் சொல்லப்பட்ட அரிசியின் பெயரால் அவன் உயிர் எடுக்கப்பட்டது. அந்தப் புகைப்படம் நாடெங்கும் பரவியபோது பலர் கண்ணீர் விட்டனர். மெலிந்த உடல், கிழிந்த உடை, எதையும் புரிந்துகொள்ளாத பார்வை. அந்தப் பார்வையை நேரில் கண்டவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரேனும், “தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்டிருந்தால்?

பல சாட்சிகள் பிறழ்ந்தபோதும் அவருடைய தாயும் சகோதரியும் தளராமல் வழக்கைத் தொடர்ந்தனர். மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பதினாறு பேரில் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என அறிவித்து, பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது, இருவரை விடுவித்தது. இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். மதுவுக்குத் தம் தரப்பைச் சொல்ல ஒரு மணி நேரமும் தரப்படவில்லை. அதை மறுத்தோர் என்று குற்றம் சாட்டப்பட்டோருக்கோ, ஐந்தாண்டுகள் சட்டம் செவி கொடுத்தது. இது நீதியின் பலவீனம் அன்று, அதுவே நீதி. கேட்ட பின்னரே தீர்ப்பு என்பதுதான் அறம். அந்த அறத்தை அவர்களுக்குத் தந்தது போல் மதுவுக்கும் யாரேனும் தந்திருந்தால், வழக்கே எழுந்திருக்காது.

அன்பர்களே, இதை வாசிக்கும்போதே நம் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்று சற்று உள்நோக்குங்கள். “எத்தகைய கொடியவர்கள்! நாமாக இருந்தால் ஒருபோதும் அப்படிச் செய்திருக்க மாட்டோம்” என்று ஓர் எண்ணம் எழுகிறதல்லவா? அதுவும் ஒரு விரைந்த தீர்ப்புத்தான்! குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் வேற்று இனம், நாம் வேற்று இனம் என்று எண்ணிவிட்டால் சாதகனுக்கு அங்கே பாடம் ஏதுமில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கடை வைத்திருப்போர், வண்டி ஓட்டுவோர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அவர்களைச் செலுத்திய விசை நம் அந்தக்கரணத்திலும் இருக்கிறது. அதை ஆராய்வதே ஆன்மிகம்.

கட்டையும் கள்வனும்

அந்தி மயங்கும் வேளையில் வழியோரம் ஒரு மரக்கட்டை நிற்கிறது. காண்பவன் அதனை மனிதன் என்று மயங்குகிறான். வேதாந்த ஆசாரியர்கள் அத்யாஸத்தை விளக்க மீண்டும் மீண்டும் எடுத்தாளும் உதாரணம் இது. சுவாமி விவேகானந்தர் தம் சொற்பொழிவு ஒன்றில் இதனை மேலும் விரித்துரைத்தார். இருளில் நின்ற அந்தக் கட்டையைத் திருடன் காவலன் என்று நினைத்தான். காதலன் தன் காதலி என்று நினைத்தான். பேய்க்கதை கேட்டிருந்த குழந்தை பேய் என்று அலறியது. கட்டையோ எப்போதும் கட்டையாகவே நின்றது. அவரவர் உள்ளே இருந்ததையே வெளியே கண்டனர்.

நம் அந்தக்கரணத்தை மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பகுத்துச் சொல்வர். ஒரு முகத்தையோ ஒரு சொல்லையோ எதிர்கொண்டதும் மனம் அதனைப் பற்றுகிறது. “இதுவா, அதுவா” என்று ஐயுறுவது மனத்தின் இயல்பு. உடனே சித்தம் தன் களஞ்சியத்திலிருந்து பழைய நினைவுகளை எடுத்து நீட்டுகிறது: “இப்படிப் பேசியவன் ஒருவன் முன்பு உன்னை ஏமாற்றினான், இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்.” ஆராய்ந்து நிச்சயிக்க வேண்டியது புத்தியின் கடமை. ஆனால் ஆராய்ச்சிக்குக் காலம் வேண்டும்; பொறுமை வேண்டும். அகங்காரம் அந்தக் காலத்தைத் தருவதில்லை. “எனக்குத் தெரியும்” என்று அது கையொப்பமிட்டு விடுகிறது. புத்தி அழைக்கப்படாமலேயே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. மதுரைக் காவலனின் மழைக்கால நினைவு வேலை செய்தது இவ்வாறே. முக்காலியில் நடந்ததும் இதுவே. நம் இல்லங்களில் நாள்தோறும் நடப்பதும் இதுவே.

கூட்டமாக இருக்கும்போது இது இன்னும் கொடிதாகிறது. தனித்திருக்கையில் தயங்கும் மனிதன் பத்துப் பேரின் நடுவே தயங்குவதில்லை; தயக்கத்தை வெளியில் சொல்லவும் அஞ்சுகிறான். ஐயமுற்ற அந்தக் காவலன் சற்று உறுதியாக, “முதலில் அரசனிடம் அழைத்துச் செல்வோம்” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் விழுங்கிய நல்ல ஐயமும் பாவத்தில் பங்கு பெறுகிறது.

காலடியில் பிறந்தவர் காசியில் கற்றது

கண்ணகி கோட்டத்தைச் சூழ்ந்த காடுகளின் நீரைச் சுமந்துகொண்டு பெரியாறு மேற்கே ஓடுகிறது. அதன் கரையில் உள்ள காலடியில்தான் ஆதிசங்கரர் அவதரித்தார். அவருடைய வாழ்விலும் ஒரு விரைந்த சொல் உண்டு. காசியில் கங்கைக்குச் செல்லும் வழியில் சண்டாளன் ஒருவன் நாய்களோடு எதிர்ப்பட, விலகிப் போ என்று சொன்னதாகவும், அவன் திரும்பி, விலக வேண்டியது எது, உணவால் ஆன இந்த உடலா, அல்லது எங்கும் நிறைந்த ஆன்மாவா என்று வினவியதாகவும் சங்கர விஜய நூல்கள் உரைக்கின்றன.

அந்த இடத்தில் ஆசாரியரின் பெருமை எதில் விளங்குகிறது? தவறாத நாவில் அன்று, கேட்ட செவியில். சாத்திரம் கற்ற துறவி, தெருவில் நின்ற ஒருவனின் கேள்விக்கு முன் நின்றார், கேட்டார், மெய்யறிவு உடையவன் எவனாயினும் அவனே என் குரு என்று முடியும் கருத்தமைந்த மனீஷா பஞ்சகம் பிறந்தது. வந்தவர் விசுவநாதரே என்பது மரபு. இறைவன் எந்த வடிவில் வந்து நம்மிடம் பேசுவான் என்று நமக்குத் தெரியாது. எனவே எவரையும் கேளாமல் அனுப்பிவிடலாகாது.

நம் மரபில் வேதத்திற்கே சுருதி, அதாவது கேட்கப்பட்டது என்று பெயர். ஞான சாதனையின் முதற்படி சிரவணம். அதன் பின்னரே மனனமும் நிதித்யாசனமும். திருவள்ளுவர் கல்வியை நாற்பதாம் அதிகாரத்தில் வைத்தார். அறிவுடைமையை நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தில் வைத்தார். இடையே கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். கற்றவன் அறிவுடையவன் ஆவதற்குக் கேட்டல் என்னும் பாலத்தைக் கடந்தாக வேண்டும் என்பது அந்த வரிசையே உணர்த்தும் பொருள். பிறர் துன்பத்தில் கண் சென்று பொருந்துவதற்கு அவர் தரும் பெயர் கண்ணோட்டம். அதற்கும் தனி அதிகாரம் வகுத்தார்.

பகவத்கீதையைத் திறந்து பாருங்கள். முதல் அத்தியாயம் முழுவதிலும் பகவான் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான். கூடியிருக்கும் கௌரவர்களைப் பார் என்பது மட்டுமே அது. அதன் பின் அர்ஜுனன் புலம்புகிறான், வாதிடுகிறான், வில்லை நழுவவிட்டு அமர்கிறான். எல்லாம் அறிந்த இறைவன் குறுக்கிட்டு, “நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும்” என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மௌனமான செவியின் மேல்தான் பதினெட்டு அத்தியாய உபதேசமும் எழுந்து நிற்கிறது. ஆறாம் அத்தியாயத்தில், தன்னையே உவமையாகக் கொண்டு பிறரின் இன்ப துன்பத்தைச் சமமாக உணர்பவனே மேலான யோகி என்றும் அப்பெருமான் உரைக்கிறான். ஆத்மௌபம்யம் என்னும் அந்த நிலையே கேட்டலின் முடிவு.

மூணாறு சொன்ன பாடம்

கேட்டால் என்ன நிகழும் என்பதற்கும் இந்த எல்லைப்புற மலைகளே சான்று தருகின்றன. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், இடுக்கி மாவட்டத்து மூணாறில், தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தனர். பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைக்கும் தமிழ்ப் பெண்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். போனஸ் இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். “பெம்பிளை ஒருமை” என்னும் பெயரில் திரண்ட அவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள்.

முதலில் எழுந்த தீர்ப்புகள் என்ன? “யாரோ பின்னின்று தூண்டுகிறார்கள், படிப்பறிவில்லாத பெண்களுக்கு இது எப்படித் தோன்றும்?” என்றெல்லாம் பேசப்பட்டது. ஆனால் அப்பெண்கள் தங்கள் வாயாலேயே பேசியபோது நாடு வேறொன்றைக் கேட்டது. கூடையின் பாரம், தேய்ந்த முதுகெலும்பு, ஒற்றை அறை வீடு, பிள்ளைகளின் படிப்புக் கடன் என்று அவர்கள் சொன்னவை எவரும் எழுதித் தந்தவை அல்ல. ஒன்பது நாள்களில் இருபது விழுக்காடு என்னும் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர்களின் துயரெல்லாம் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அதுவரை அவர்களுக்காகப் பிறர் பேசினர். அன்று அவர்கள் பேச, பிறர் கேட்டனர். ஒரு மனிதனுக்கு நாம் தரக்கூடிய முதல் மரியாதை அதுவே.

ஐயம் ஒன்று

“அப்படியானால் தவறு செய்பவனை ஒன்றும் சொல்லக் கூடாதா? கடையில் பொருள் இழந்தவன் வாய்மூடி இருக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளை இழந்தவனின் வருத்தமும் வருத்தமே. அதற்கும் செவி கொடுக்க வேண்டும். விவேகம் என்பது நல்லதையும் தீயதையும் பிரித்தறிவது. அதை விட்டுவிட்டு ஆன்மிகம் இல்லை. ஆனால் விவேகம் வேறு, விரைந்த தீர்ப்பு வேறு. விவேகம் செயலை ஆராய்கிறது. விரைந்த தீர்ப்பு மனிதனையே முத்திரை குத்துகிறது. விவேகம் கேட்ட பின் முடிவு செய்கிறது. விரைந்த தீர்ப்பு முடிவு செய்த பின், கேட்பது போல நடிக்கிறது. மருத்துவர் நோயைக் கண்டிப்பாக வெட்டி நீக்குவார். ஆனால் அதற்கு முன் நோயாளி சொல்வதைக் கேட்டு, நாடி பார்த்திருப்பார். பரிவோடு கேட்பதால் தீர்ப்பு தளர்வதில்லை, செம்மையுறுகிறது.

இல்லத்தில் தொடங்கும் சாதனை

பெரிய நிகழ்ச்சிகளைப் பேசிவிட்டு வீடு திரும்பி, அங்கே நாம் சிறிய பாண்டிய மன்னர்களாக வீற்றிருந்தால் என்ன பயன்? வேலைக்கு வரும் பெண்மணி இரண்டு நாள் தாமதமாக வருகிறார். “இவர்களுக்குப் பொறுப்பே கிடையாது” என்கிறோம். அவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலா, பேருந்து வரவில்லையா என்று கேட்பதில்லை. மகன் மதிப்பெண் குறைந்து வருகிறான். அவன் வாய் திறப்பதற்குள் நம் உரை முடிந்துவிடுகிறது. மருமகள் முகம் வாடியிருக்கிறாள். “நம் மேல் கோபம்” என்று மாமியாரும், மாமியார் பேசாதிருக்கிறார். “என்னைப் பிடிக்கவில்லை” என்று மருமகளும் ஆளுக்கொரு தீர்ப்பை எழுதிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். கோவலன் வாங்க மறுத்த மடல்கள் எத்தனை வீடுகளில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன!

எனவே மூன்று எளிய பயிற்சிகளை மேற்கொள்வோம்.

முதலாவது, நிறுத்தம். ஒருவரைப் பற்றிய தீர்ப்பு உள்ளே எழும்போது, மூன்று முறை இறைநாமத்தைச் சொல்லும் அளவு நேரம் நாவை நிறுத்துவோம். சிலம்பை உடைத்துப் பார்க்க அவ்வளவு நேரமே தேவைப்பட்டது என்பதை நினைவில் கொள்வோம்.

இரண்டாவது, வினா. “ஏன் இப்படிச் செய்தாய்?” என்னும் கேள்வி பெரும்பாலும் குற்றச்சாட்டே. “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். மூடிய உள்ளம் திறப்பதைக் காண்பீர்கள். “சாப்பிட்டாயா?” என்று கேட்பது அதனினும் சிறந்தது. பசியும் களைப்பும் தீர்ந்த பின்பு பாதிக் குற்றங்கள் குற்றங்களாகவே இருப்பதில்லை.

மூன்றாவது, முழுச் செவி. பிறர் பேசும்போது நம் மறுமொழியை உள்ளே தயாரிப்பதை விட்டு, ஜபத்தில் மந்திரத்தைக் கேட்பது போல அவர் சொல்லைக் கேட்போம். முடித்ததும், “நீங்கள் சொல்வது இதுதானே?” என்று ஒருமுறை அவரிடமே உறுதி செய்துகொள்வோம். இரவு படுக்கும் முன், “இன்று நான் யாரைக் கேளாமல் தீர்ப்பளித்தேன்?” என்று எண்ணிப் பார்த்து, மறுநாள் அவரைத் தேடிச் சென்று கேட்போம். காலம் கடந்த மடலாயினும் படிப்பதே நன்று.

இம்மூன்றும் ஒருநாளில் கைகூடா. எத்தனையோ முறை தவறுவோம். தவறும்போது நம்மை நாமே விரைந்து தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம். நம் மனத்தையும் பரிவோடு கேட்டு, மீண்டும் தொடங்குவோம்.

சித்திரை முழுநிலவில் அந்த மலைக்கோட்டத்தில் ஏற்றப்படும் கற்பூரச் சுடர் சில மணி நேரமே ஒளிர்கிறது. அதன் பின் மக்கள் இறங்கிவிடுவர். காடு மீண்டும் மௌனம் கொள்ளும். அந்த மௌனத்தில் அன்னை நம் ஒவ்வொருவரிடமும், தன் கணவனைப் பற்றி எவரும் கேட்காத அந்தக் கேள்வியை இனி எந்த மனிதனைப் பற்றியும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கேட்கும் செவியையும், கேட்டதை உணரும் உள்ளத்தையும், உணர்ந்த வழி நடக்கும் உறுதியையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.